நூர் அகமதுவின் மூன்றாவது மாத்திரை

"இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் மெடிகேர் மருந்து பிளானை நான்தான் செலக்ட் பண்ணப் போறேன். நீ தலையிடாதே!"

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டில் முப்பது வருடம் சிப் டிசைன் செய்து ஓய்வு பெற்ற நூர் அகமது, இட்லித் தட்டை நகர்த்திவிட்டு இப்படி முழங்கினார். மனைவி முனவ்வரா சண்டைக்கு வரவில்லை. "சரிங்க" என்றாள். கல்யாணமான நாற்பது வருடத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு 'சரிங்க' அவருக்குக் கிடைத்ததே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும், பாவம்.

இந்த வீரத்துக்குக் காரணம் ஒரு மாத்திரை. பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று என்பது வீட்டுக்குத் தெரிந்த கணக்கு. ஆகஸ்டில் டாக்டர் சுகருக்கு இன்னொன்றைச் சேர்த்தார். வீட்டுக்கு வந்தவர் "எல்லாம் நார்மலாம்" என்று சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தால், மௌரி அவென்யூவில் வாக்கிங் போகிற சாக்கில் வாங்கித் தின்னும் ஜாங்கிரிக்கு அன்றோடு மூடுவிழா. அதனால் புது மாத்திரை காருக்குள் தலைமறைவாக இருந்தது.

ஆனால் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரின் வெப்சைட்டிடம் ஒளிக்க முடியுமா? சாப்பிடுகிற மருந்தையெல்லாம் போட்டால்தான் எந்த பிளான் எதற்குப் பணம் கொடுக்கும் என்று சொல்லும். மூன்றையும் போட்டார். விலை குறைந்த பிளான்களெல்லாம் புது மாத்திரைக்குக் கையை விரித்தன. ஒன்றே ஒன்று ஏற்றுக்கொண்டது. அதன் பிரீமியம் எக்கச்சக்கம். பிளான் எடுக்க டிசம்பர் ஏழு கடைசி நாள்.

"எனக்கு இந்த பிளான்" என்று லேப்டாப்பைத் திருப்பினார்.

"ரெண்டு மாத்திரைக்கு இவ்ளோ பிரீமியமா? எனக்குப் பார்த்தது சீப்பா இருக்கே. அதையே எடுங்களேன்."

"இதுல கஸ்டமர் சர்வீஸ் சூப்பர்."

"யார் நம்பர் கேட்டாலும் என் நம்பரைக் கொடுக்கிற மனுஷனுக்குக் கஸ்டமர் சர்வீஸ் எதுக்குங்க?"

அது உண்மைதான். விளம்பர கால் தொல்லைக்குப் பயந்து, எந்தக் கடையில் கேட்டாலும் மனைவியின் நம்பரைச் சொல்லிவிடுவது அவருடைய நெடுநாள் ராஜதந்திரம்.

"ரேட்டிங்கைப் பாரு! நாலரை ஸ்டார்!"

"மாத்திரை போடப் போறீங்களா, ஹோட்டல்ல தங்கப் போறீங்களா?"

"வயசாகுது முனா. நாளைக்கே புதுசா ஒரு மாத்திரை வந்துட்டா?"

"நாளைக்கா? ஆகஸ்ட்லயே வந்துடுச்சே!"

நூர் அகமது லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முனவ்வரா டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து வைத்தாள். அவர் தேர்ந்தெடுத்த அதே பிளான். அவர் பெயரில் கன்ஃபர்மேஷன் கடிதம்.

"நான் எப்போ அப்ளை பண்ணேன்?"

"போன மாசம் நான் ஃபில் பண்ணி நீட்டினேன், கையெழுத்து போட்டீங்க. என்னிக்கு எதைப் படிச்சுட்டுப் போட்டிருக்கீங்க?"

"மூணாவது மாத்திரை... உனக்கு எப்படி?"

போனைக் காட்டினாள். 'நூர் அகமது, உங்கள் மருந்து தயார்' என்று மருந்துக்கடையிலிருந்து மாதாமாதம் வந்த மெசேஜ்கள்.

"நீங்களா சொல்வீங்கன்னு இத்தனை நாள் பார்த்தேன்" என்றாள். அவருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் ஜாங்கிரி விஷயம் தெரியாதே என்று மூலையில் ஒரு நப்பாசை.

"நாளையிலேருந்து வாக்கிங்குக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு முனா?"

"ஸ்வீட் கடையிலயும் என் நம்பர்தானே கொடுத்திருக்கீங்க! நீங்க வாங்கி வாங்கி ஏறின பாயிண்ட்ஸுக்கு நேத்து ஒரு பாக்ஸ் ஜாங்கிரி ஃப்ரீயா கொடுத்தாங்க."

"எங்கே அது?" நாக்கு முந்திக்கொண்டது.

"நானே சாப்பிட்டுட்டேன். எனக்குத்தான் சுகர் இல்லையே!"