கோல் போடும்போது அணையும் கம்ப்யூட்டர்

இந்த ஆகஸ்டில் ஜெயித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். இந்தோனேசியாவில், செமாராங்கில் எங்கள் சந்தில் சுதந்திர தினப் போட்டிகள் வருஷா வருஷம் நடக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் இறால் அப்பளத்தை வாயால் கடித்துத் தின்ன வேண்டும். அதில் ஆறு வருஷமாகத் தோற்று வருகிறேன். போன வருஷம் அப்பளம்தான் என் மூக்கைக் கடித்தது. இந்த முறை கம்ப்யூட்டர் கால்பந்தையும் சேர்த்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். வாயால் முடியாததை விரலால் முடிப்பேன் என்று பெயர் கொடுத்தேன்.

போட்டிக் கமிட்டியில், பரிசுகளைக் கடையில் பார்த்து வாங்கும் பொறுப்பு என் மனைவி ரெத்னோவுக்கு. முதல் பரிசு என்னவென்று கேட்டால், "கட்டின புருஷனா இருந்தாலும் கமிட்டி ரகசியம்" என்பாள்.

ஒரே ஒரு சிக்கல். பந்து வலைக்குப் பக்கத்தில் போகும்போது திரை கறுக்கும். கம்ப்யூட்டர் தானாக அணைந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்பும். தினமும் சாயங்காலம் பயிற்சியில் இதே கூத்து.

"ஏங்க, தண்ணி கேன் காலி. மாத்துங்க."

"ஒரு நிமிஷம்!"

திரை கறுக்கும்.

"அதான் அணைஞ்சிடுச்சே, வாங்க."

போய் மாற்றுவேன்.

பக்கத்து வீட்டு முல்யாடி வந்து எட்டிப் பார்த்தார். பெயர் கொடுத்ததே நாங்கள் இரண்டு பேர்தான்; அதனால் ஞாயிறு நடக்கும் இறுதிப் போட்டியில் எனக்கு எதிராளியே அவர்தான்.

"சூடுதான் சிஸ்வந்தோ சார். காத்தாடி வையுங்க."

வைத்தேன். நாங்கள் வியர்த்தோம், கம்ப்யூட்டர் சுகமாக இருந்தது. அப்படியும் அணைந்தது. மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். பவர் சப்ளையைப் புதிதாக மாற்றினேன். உள்ளே பழசாக மிஞ்சியது தூசி மட்டும்தான்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்தக் காத்தாடியை ஒரு சாண் நகர்த்தினீங்களா?" என்றாள் ரெத்னோ.

ரெத்னோவின் குரலைத் தவிர எதையும் உள்ளே விடாத என் ஹெட்போன் வியாழக்கிழமை உடைந்தது. வெறுங்காதோடு ஆடினேன்.

"ஏங்க, மழை வருது. துணியை எடுங்க."

"ஒரு நிமிஷம்!"

கொல்லைப்புறம் 'ங்ஙொய்ய்' என்றது. விளக்கு மங்கியது. திரை கறுத்தது.

தண்ணீர் பம்ப்! குழாயைத் திறந்தால் எங்கள் பம்ப் தானாக ஓடும். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் மொத்தமே தொள்ளாயிரம் வாட்ஸ். பம்ப் கிளம்பும்போது அதில் ஒரு பெரிய மடக்கு குடித்துவிடும். கம்ப்யூட்டர் மயக்கம் போடும். இத்தனை நாளும் காதை மூடிக்கொண்டு காரணத்தைத் தேடியிருக்கிறேன்!

சமையலறைக்கு ஓடினேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. ரெத்னோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எதுக்குத் திறந்தே?"

"கை கழுவ."

"கையைக் கட்டிக்கிட்டா?"

"கழுவியாச்சு."

அதோடு திரும்பி வந்தேன். சண்டை போட்டால் உஷாராகிவிடுவாள். ஞாயிறு காலை, இறுதிப் போட்டிக்கு ஐந்து நிமிடம் முன்னால், பூனை மாதிரி கொல்லைக்குப் போய்ப் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். பந்து என் ஆளிடம்.

"ஏங்க, நாற்காலியெல்லாம் மைதானத்துக்குக் கொண்டுபோகணும்."

"ஒரு நிமிஷம்!"

குழாய் கிரீச்சென்று திரும்பியது. பம்ப் சத்தமில்லை. விளக்கு மங்கவில்லை. உதைத்தேன்.

கோல்!

பக்கத்து வீட்டில் முல்யாடி "ஐயோ" என்றது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஆறு வருஷத்து அப்பளத்தையும் சேர்த்துத் தின்ற மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் சந்து முழுக்கக் கை தட்ட, மேடை ஏறினேன். பரிசைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. காகிதத்தைக் கிழித்தேன். உள்ளே புத்தம்புதுத் தண்ணீர் பம்ப், பழையதைப் போல இரண்டு மடங்கு.

"இதையா வாங்கினே?"

"நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் நம்ம வீட்டுக்கு ஆகுற சாமானா வெள்ளிக்கிழமையே வாங்கிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தில் என்மேல் பந்தயம் கட்ட ஒரு ஜீவன் இருந்திருக்கிறது! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் ஆசையாக என் காதோரம் குனிந்தாள்.

"கடையில கேட்டுத்தான் வாங்கினேன். நேரா வீட்டு வயரிங்லயே மாட்டுறது, பிடுங்குறதுக்கு இதுல பிளக்கே கிடையாதுங்க."