தெளிவு சாரும் கடுகளவு கல்லும்

மனிதர்களில் 'தெளிவு சார்' என்று ஒரு ரகம் உண்டு. பார்த்திருப்பீர்கள். எதைக் கொடுத்தாலும் கண்ணருகே கொண்டுபோய், மூக்கு இடிக்கும்வரை நெருங்கி, "இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்தா தேவல" என்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், கதவுக் கைப்பிடியின் திருகாணியை வெகுநேரம் ஆராய்ந்து, மரையெல்லாம் பிரமாதம் என்று சொக்கிப்போய், சரி சொல்லிவிட்டு வருவார்; அந்த வீட்டில் சமையலறையே இல்லை என்பதை மனைவி போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தை நிறுத்தி அவர் எடுத்த படத்தில் மச்சானின் மீசை முடி தனித்தனியாகத் தெரியும். மச்சான்? மீசையைத் தவிர அவரில் வேறெதுவும் இல்லை. மாமியார் படத்துக்குள்ளேயே வரவில்லை. அது மட்டும் தற்செயல் இல்லை என்பது மனைவியின் கட்சி.

எனக்குத் தெரிந்த தெளிவு சாருக்கு உத்தியோகம் கல்லைப் படம் பிடிப்பது. ஆஸ்பத்திரியில் நம் நெஞ்சை ஸ்கேன் எடுப்பதுபோலக் கல்லையும் கருவிக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, உள்ளே எங்கே துளை, எங்கே விரிசல், தண்ணீர் கசியுமா கசியாதா என்று கணினியில் பார்த்துச் சொல்கிற ஆய்வுக்கூடம். கருவிக்கு ஒரு சங்கடம் உண்டு: ஒரு படத்துக்கு இத்தனை புள்ளிதான். அத்தனையையும் கடுகளவு துண்டின்மேல் கொட்டினால் மணல் துகளின் முகமே தெரியும். முழங்கை நீளக் கல்லின்மேல் பரப்பினால் கல் முழுதும் தெரியும், முகம் மங்கிவிடும். ஆகவே முதலில் தள்ளி நின்று ஒரு படம், அதில் சந்தேகப்படும் இடத்தில் நெருங்கி ஒரு படம். சாதாரண மனுஷனுக்கு இது தோன்றும். தெளிவு சார் சாதாரண மனுஷனா?

"மங்கலான படத்துல என் பேரப் போட மாட்டேன்" என்பார்.

ஏரிக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டுகிற பொறியாளர் ஒருநாள் வந்தார். சுரங்கம் போகும் பாறையில் குடைந்தெடுத்து அவர் அனுப்பிய கல் உருளையின் முடிவைச் சொல்ல வேண்டும். கசியாது என்றால் அவருடைய ஆட்கள் அன்றே உள்ளே இறங்குவார்கள். சுரங்க வாயிலில் காத்திருந்தார்கள்.

"கசியுமா சார்?"

"ஒரு சொட்டு கசியாது மேடம். பாருங்க, என்ன தெளிவு!"

திரையில் துகள்கள், கூட்ட நேரத்துப் பேருந்தில் நிற்பவர்களைப்போல, ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. அழகுதான். பொறியாளர் அழகு பார்க்க வரவில்லை.

"இது மொத்தக் கல்லுல எவ்வளவு?"

"கடுகளவு."

"மிச்சம்?"

"இதோ, பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேன்." மேசையில் அவருடைய அறிக்கையின்மேல் கல் உருளை நிமிர்ந்து நின்றது. "இந்தப் பக்கம் சரியில்ல மேடம். வெட்டப் போனாலே உதிருது. அதான் உதிராத பக்கமாப் பார்த்து எடுத்தேன்."

கவனியுங்கள். உடையாத இடத்தைத் தேடிப் போய், உடைசல் இல்லை என்று சான்றிதழ் எழுதியிருக்கிறார்!

"ஏன் உதிருதுன்னு பார்த்தீங்களா?"

"அது என் படத்துக்குள்ள வரல."

"என் ஆளுங்க தலைக்கு மேல ஏரி நிக்குது சார். அவங்க என்ன கடுகுக்கு அடியிலயா வேலை செய்யப் போறாங்க?"

"அப்படிச் சொல்லாதீங்க. இந்தத் துகளோட ஓரத்த மட்டும் பாருங்க" என்று தெளிவு சார் திரையை நோக்கிக் கையை வீசினார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. கல்லின் தலையில் கொட்டிய தண்ணீரில் பாதி மேசைக்குப் போயிற்று. மீதி, தலைமுடி அளவு கோடு ஒன்றில் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் கல்லின் காலடியில் எட்டிப் பார்த்தது. அடியிலிருந்த அறிக்கையில் 'கசியாது' என்ற சொல் முதலில் நனைந்தது.

பொறியாளர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். தெளிவு சார் என்ன செய்தார் என்கிறீர்கள்? பூதக்கண்ணாடியை எடுத்து, அந்த ஈரத்தின்மேல் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்தா தேவல."

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வாசித்து வரும்போதே, ஓரிடத்தில் ஒற்று மிக வேண்டும், ஓரிடத்தில் காற்புள்ளி கூடாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டீர்கள் அல்லவா? சுரங்க வாயிலில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கத் தோன்றியதா?

இறங்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், சார்.