நல்லெண்ணெயில் எடுத்த நிச்சயதார்த்தப் போட்டோ

புதிதாகக் கேமரா வாங்கியவனை ஆறு மாதத்துக்கு எந்த விசேஷ வீட்டுக்குள்ளும் விடக் கூடாது. தென்காசியில் அப்படி ஒரு நல்ல வழக்கம் இருந்திருந்தால் என் தங்கை கோமதி கல்யாணம் வரைக்கும் என்னோடு பேசாமல் இருந்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊரில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் வெயிலைப் பார்ப்பது கஷ்டம். மத்தியானத்திலும் வீட்டுக்குள் லைட் போட வேண்டும். லைட்டைப் போட்டால் கரண்ட் போய்விடும். அதனால் குறைந்த வெளிச்சத்திலும் பளிச்சென்று படம் எடுக்கிற, சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். மாதக்கணக்கில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "மெகாபிக்சல்ல ஒண்ணும் இல்லம்மா, சென்சார் பெருசா இருக்கணும்" என்று பதில் சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டது.

திருநெல்வேலிக் கடையில் நான் பேசி முடிக்கும் வரை கடைக்காரர் பொறுமையாக நின்றார். "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டிய. நான் பில்லு மட்டும் போடுதேன்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருட்டில் படுத்திருந்த பூனையை பிளாஷ் இல்லாமல் எடுத்தேன். மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. (கேமரா மேல் எந்தக் குற்றமும் கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.) கூடவே கொடுத்த லென்ஸ் துடைக்கும் துணி, குழந்தைக் கன்னம் போல அவ்வளவு மிருதுவாக இருந்தது. அழுக்காகிவிடுமே என்று அதைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டேன்.

கோமதிக்கு நிச்சயமான மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார். எல்லைப் பக்கம், மலை உச்சியில் வேலை. கல்யாணத்துக்குத்தான் லீவு கிடைக்கும் என்பதால் நிச்சயதார்த்தத்துக்கு அவர் வரவில்லை. கோவில்பட்டியிலிருந்து அவர் வீட்டார் வந்து தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

கோமதி முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவங்க என்னைய நேர்ல பாத்ததே பொண்ணு பாக்க வந்தப்போதான். அங்கன போன் சிக்னலும் கெடையாது. நிச்சயச் சேலையில ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பச் சொல்லியிருக்காவ, டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்ள ஒட்டி வைக்க. மொகம் தெளிவா விழணும். நம்ம ஸ்டுடியோ அண்ணாச்சியவே வரச் சொல்லிருவமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு பிளாஷ் அடிச்சா ஒன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவரு கணக்கா இருக்கும்ட்டி. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அன்று சாயங்காலமே ஸ்டுடியோ அண்ணாச்சிக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, ரிட்டையர்டு போலீஸ்காரர், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "அருவியில தண்ணி விழுதா?" சீசனில் தென்காசிக்கு வருகிற விருந்தாளிகள் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அருவியைத்தான் விசாரிப்பார்கள். சம்பந்தி வீட்டு மனுஷர் கேட்டால் மறுக்க முடியுமா? குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே அவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். பக்கத்துப் பலகையைக் காட்டி, "நீரும் ஒக்காரும் வே" என்றார். போலீஸ் குரல். உட்கார்ந்தேன். தேய்த்தவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் ஊற வைத்து, முதுகில் நாலு தட்டுத் தட்டி அனுப்பினார். அருவியில் பயங்கரக் கூட்டம். தலையைக் காட்டுவதற்குள் பின்னால் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். பாதி எண்ணெய் உடம்போடுதான் திரும்பியது.

வரும் வழியில் சித்தப்பாவை மலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். லென்ஸில் சாரல் பட்டது. தோளில் கிடந்த துண்டால் நன்றாக, வட்டம் வட்டமாகத் துடைத்தேன். அதே துண்டால்தான் கொஞ்ச நேரம் முன்பு உடம்பையும் துடைத்திருந்தேன். அந்த நிமிஷம் அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

தட்டு மாற்றும் நேரத்துக்கு வானம் கறுத்து, கரண்ட் போனது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த இருட்டுக்காகத்தானே இத்தனை மாதம் படித்தேன்! யாரோ நாலு பேர் போனை எடுத்து டார்ச் அடித்தார்கள்.

"அணைங்க, அணைங்க! குத்துவிளக்கு வெளிச்சம் போதும். யாரும் போன்ல படம் எடுக்காதீங்க. நான் எடுத்து எல்லாருக்கும் அனுப்புதேன்!"

பட்டுச் சேலையில் கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், நான் சொன்னபடி எல்லாம் நின்றாள். கேமராத் திரையில் பார்த்தால் விளக்கைச் சுற்றி, நகையைச் சுற்றி, அவள் தலையைச் சுற்றி ஒரே ஒளி. பெரிய சென்சார் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் போன பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டேன். கோமதி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இது யாரு?"

"நீதாம்ட்டி."

"மூக்கு எங்க?"

எனக்கும் கிடைக்கவில்லை. எல்லாப் படத்திலும் அரக்குச் சேலை கட்டிய ஒரு வெளிச்சம் நின்றது. அம்மா கேமராவை வாங்கி மோந்து பார்த்தாள். "நல்லெண்ணெ வாசமுல்லா அடிக்கு" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். கோமதி அழுதாள். நாளைக்கு அதே சேலையைக் கட்டு, மறுபடி எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். "நிச்சயத்தையே ரெண்டாவது தடவ நடத்துவியாலே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதுவரை அவள் என்னை 'லே' போட்டுப் பேசியதே இல்லை.

இதற்கிடையில், சொன்ன சொல் தவறக் கூடாது என்று நான் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்த ஒரு படத்தை அவர் பிரிண்ட் போட்டு மாப்பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை எங்கிருந்தோ என்னைக் கூப்பிட்டார். "மச்சான், போட்டோ வந்துச்சு. பெட்டி மூடியில ஒட்டிட்டேன். ஆனா ஒரு சிக்கல்."

"என்ன மாப்ளே?"

"எங்க சுபேதார் பாத்துட்டு, இது எந்த ஊரு அம்மன்னு கேட்டாரு. தென்காசின்னேன். அடுத்த வார்த்தை வாறதுக்குள்ள தொட்டுக் கும்பிட்டுட்டாரு. இப்ப டெய்லி டூட்டிக்குப் போகும்போது கும்பிட்டுட்டுத்தான் போறாரு. என் மேலதிகாரிகிட்ட போயி, அது நான் கட்டிக்கப் போற பொண்ணுன்னு எப்படி மச்சான் சொல்ல?"

நானும் கோமதியிடம் சொல்லவில்லை. (சொல்வதற்கு அவள் பேசினால்தானே!)

கல்யாணத்துக்கு அந்த சுபேதாரும் வந்தார். வடக்கே மலைநாட்டுக்காரர், நல்ல உயரம், பெரிய மீசை. கையில் ஒரு பட்டுச் சேலை. மகளுக்கு வேலை கிடைத்தால் தென்காசி அம்மனுக்குச் சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டாராம், கிடைத்துவிட்டதாம். கோயில் எங்கே என்று மண்டபத்தில் எல்லோரிடமும் இந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு வேறு வழி இல்லை. மணமேடையிலேயே அவரைக் கூப்பிட்டு இந்தியில் உண்மையைச் சொன்னார். சுபேதார் கோமதியைப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று புரியாமல் அவள் மாலையோடு நின்றாள். கீழே நின்ற நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பட்டாளத்துக்காரரை ஏமாற்றினால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது.

சுபேதார் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். சேலையை அவள் கையில் கொடுத்து, கும்பிட்டு, ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் கோமதி.

"கேட்டது கெடச்சிட்டு, யாரு குடுத்தா என்னங்காரு" என்றார் மாப்பிள்ளை. பிறகு முழுக் கதையையும் அவள் காதில் சொன்னார். அவள் மேடையிலிருந்தே என்னைத் தேடினாள். பார்த்தாள். மாலை நழுவ நழுவச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் அவள் சத்தம் போட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை பதில் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிள்ளைகளும் போட்டுக்கொள்கிறார்கள்.