சாலவாக்கத்து இருபத்தெட்டு நத்தைகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். பேருந்தில் ஏறினால் ஜன்னல்கள், டாக்டர் பேசும்போது அவர் சட்டைப் பொத்தான்கள். எண்ணிக்கை குறைந்தால் நெஞ்சு படபடக்கும். இந்த வியாதியால் ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். (சோதனைக் குழாய்கள் இருநூற்றுப் பதினான்கு, விரிசல் விட்டவை ஒன்பது.) அங்கே படித்துவிட்டுச் சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நசீமா ஓர் உதவி கேட்டாள். நாற்று நடுகிறவர்களுக்கு முழங்கால் வரை அரிப்பு வருமே, அது நத்தைக்குள் வளரும் புழு தண்ணீரில் இறங்கி நம் தோலைத் துளைப்பதால் வருவதாம். எந்த ஏரி நத்தை எந்த வம்சம், எந்த வம்சம் புழுவுக்கு இடம் கொடுக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நத்தைச் சதையை அரைத்து, கூழ் போன்ற ஜெல்லில் வைத்து மின்சாரம் விட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். அதை வைத்து வம்சம் சொல்லலாம்.

உத்திரமேரூர், சாலவாக்கம், தாமல் ஏரிகளிலிருந்து தலா முப்பது நத்தைகளைப் பிடித்துத் தனித்தனி வாளியில் வைப்பது என் வேலை. வைத்தேன். அவள் எடுத்துப்போக வரும் நாள் காலையில் எண்ணினால், சாலவாக்கத்து வாளியில் இரண்டு செத்துக் கிடந்தன. இருபத்தெட்டு! பேருந்து பிடித்துப் போய்வர நேரமில்லை. தாமல் வாளியை எண்ணினேன். முப்பத்திரண்டு; வலையோடு ஒட்டி வந்த இரண்டும் அதிலேயே கிடந்தன.

அங்கே இரண்டு கூடுதல், இங்கே இரண்டு குறைவு. உலகமே எனக்காகக் கணக்கைச் சரிசெய்து வைத்ததுபோல் இருந்தது. எடுத்துப் போட்டேன். (நத்தைக்கு நத்தை என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். அந்த வித்தியாசத்தைத்தான் அவள் நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.)

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, சாலவாக்கம் ஏரியில தாமல் வம்சத்து நத்தை ரெண்டு கீது! எப்படி வந்துச்சுன்னே தெரியல. வேடந்தாங்கல் வர்ற பறவை கால்ல ஒட்டிக்கினு வந்திருக்கும்னு எங்க சார் சொல்றாரு. அடுத்த வாரம் கருத்தரங்குல பேசப்போறேன்!"

அந்தப் பறவை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே நின்றது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "இன்னாய்யா, மூஞ்சி பேஜாரா கீது?" சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலு பேர் எதிர்ல அந்தப் பொண்ணு பொய் சொல்லணுமா? மொதல்ல போய் உண்மைய சொல்லிட்டு வா. அப்பால சாப்பிடலாம்."

பஜாரில் நசீமாவின் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். அவளும் அங்கேதான் இருந்தாள். அடுக்கி வைத்த எவர்சில்வர் குடங்களை எண்ணிக்கொண்டே (பதினாறு) ஒப்புக்கொண்டேன். இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் பதினாறுதான்.

"ரெண்டே ரெண்டுதானா அண்ணா? வேற எங்கயும் மாத்தலியே?"

"ரெண்டே ரெண்டும்மா. தாமல்லேர்ந்து."

கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாடா! பட்டையெல்லாம் நான் தப்பா படிச்சிட்டேனோன்னு பயந்துகினு இருந்தேண்ணா. முப்பதுல ரெண்டு வேற ஏரின்னு எனக்குத் தெரியாமலே புடிச்சிருக்கேன்! பறவை கதைய நம்பித்தான் மேடை ஏற இருந்தேன். நல்ல வேளை, வந்து சொன்னீங்க."

அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலீஸ் நாய் கணக்கா மோந்து புடிச்சிடுச்சே எம் பொண்ணு உன்ன!" என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. என் வேலை போகவில்லை, அவள் பட்டமும் போகவில்லை.

அவள் கட்டுரை அச்சாகி வந்தபோது அட்டவணையில் சாலவாக்கத்துக்கு நேரே இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. உண்மைதான். இருந்தாலும் கொஞ்சம் படபடத்தது.

போன வருடம் பேத்தி நிச்சயதார்த்தம். இருபத்தொரு சீர்த்தட்டில் ஒன்று குறைந்தது. மனைவி எல்லோரையும் ஓரமாகக் கூப்பிட்டு, என் காதில் விழும்படியே ரகசியம் சொன்னாள்: "அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பக்கத்து மண்டபத்துலேர்ந்து ஒண்ணு தூக்கியாந்துடுவாரு."