மாதாவின் கிரீடமும் மாமனின் கோழிக்கூடும்

அன்புள்ள மருமகன் லிபினுக்கு,

மாமன் ஜான்ரோஸ் எழுதுவது. இங்கே உன் அம்மா செசிலி உட்பட எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உனக்கு மாதா துணை. நாளை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறும் நம்ம ஊர்ப் பையன் பெனின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அழுகை வருகிறது.

உனக்கு விசா கிடைத்தால் கோயிலுக்குப் புதுத் தேர் என்று உன் அம்மா நேர்ந்தது நீ அறிந்ததே. முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறையில் பாகம் பாகமாகச் செய்து, சேராததைச் சுத்தியலால் சேர்த்தவன் நான். நீயோ, "முழுத் தேரையும் முதல்ல கம்ப்யூட்டர்ல வரையணும் மாமா. மாதா உயரத்தை மட்டும் தாங்க, அதுல இருந்து பாகமெல்லாம் தானா வரும்" என்றாய். தந்தேன். பொய் சொல்லக் கூடாது, நாற்பத்தெட்டு போல்ட்டும் முதல் தடவையே துளையில் இறங்கியபோது கண் கலங்கிவிட்டது. அன்றைக்கென்று கமிட்டி அல்போன்ஸ் வந்து, "திருவிழாவுக்கு மாதாவுக்குக் கிரீடம் வைப்பமே, அதையும் சேத்து அளந்தீரா ஓய்?" என்றான். அளக்கவில்லை. கிரீடம் ஒரு சாண். தூணை மட்டும் ஒரு சாண் கூட்டு என்று உனக்குப் போன் போட்டேன். நீ ஒரேயொரு எண்ணைத் தொட்டாய், தூண் வளர்ந்து, கூரை வளர்ந்து, "உயரம் கூடுனா சாயும்லா மாமா, அதான் அடியும் தானா அகலும்" என்று சக்கரம் வரைக்கும் எல்லாம் ஊதிப்போச்சு. உன் கம்ப்யூட்டர்ல தூண் வளரும், நான் வெட்டுன இரும்பு வளருமா மக்கா? பழைய தூணையும் அடிச்சட்டத்தையும் துண்டுபோட்டு உன் அம்மாவுக்குக் கோழிக்கூடு அடிச்சுக் குடுத்துட்டு, புது வரைபடப்படி எல்லாம் செஞ்சு நிறுத்தினா, தேரு கோயில் மதில் வாசலைவிட மூணு இஞ்சு அகலம்!

கொடியேற்றத்துக்குப் பதினொரு நாள். தேர் வெளியே வராவிட்டால் மாதாவை டிராக்டரில் கொண்டுபோவார்களாம். நேர்ச்சை முடங்கினால் உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று உன் அம்மா கஞ்சிகூடக் குடிக்காமல் கிடக்கிறாள். எனக்கும் பயமாத்தான் இருக்கு. தலையில் செய்த ஒரு தப்பு கால்வரைக்கும் இறங்குகிற இந்த வித்தை நமக்கு வேண்டாம். இது முழுக்க உன் தப்பு.

மாதா உனக்கு நீண்ட ஆயுளும், கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

உன் மாமன்,
ஜான்ரோஸ்

பி.கு.: உபதேசியார் மரியான் இப்போதுதான் வந்து போனார். "பீடத்தோடயா அளந்தீரு? மாதா மட்டும்லா தேருல ஏறும், பீடம் கோயில்லதான் இருக்கும்" என்கிறார். ஆமாம், பீடத்தோடுதான் அளந்தேன்; அதுவும் கிரீடம் போலவே சரியாக ஒரு சாண். உன் முதல் வரைபடமே சரி. அந்த எண்ணைப் பழையபடி மாற்று, அங்கே தேர் ஒரு நொடியில் சுருங்கிவிடும். இங்கே தூணை அறுத்துக் குறைக்கலாம். அடிச்சட்டத்தை அறுத்தால் போல்ட் துளையெல்லாம் இடம் மாறிவிடும், அதனால் புதிதாக அடிக்க இரும்பு வாங்க நான் களியக்காவிளைக்கு பஸ் ஏறுகிறேன். பழைய சட்டத்தில் கோழிகள் குடியேறிவிட்டன. அம்மா கேட்டால் மட்டும் கம்ப்யூட்டர் தப்பு என்றே சொல்லிவிடு மக்கா.