திருத்தம் பாயின் பதினோராம் பக்கம்

ஒரு புத்தகத்தை எழுதுவதற்குப் பட்ட பாட்டைவிட, அது வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அதிகம் பாடுபட்ட மனிதர் எங்கள் தஞ்சைச் சீமையிலேயே ஒருவர்தான். கூத்தாநல்லூரில் அவருக்குத் திருத்தம் பாய் என்று பெயர். உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்திருந்தால் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கடைத்தெரு மாடி ஒன்றில் நான் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, திறப்பு விழா நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து அச்சகத்துக்கு அனுப்புவது என் தொழில். பாய்க்குக் கீழே அத்தரும் டார்ச் லைட்டும் விற்கிற கடை. அதற்கு முன்னால் பல வருடம் சவூதியில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். ஒருநாள் மூன்று நீள நோட்டுகளோடு படியேறி வந்தார்.

"தம்பி, ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். சபர் போறவங்களுக்கு. மொதல்ல அடிச்சுக் குடுங்க. அச்சுல போடறதா வேணாமான்னு அப்பறம் பாப்போம்."

சபர் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவது. முன்பெல்லாம் எங்கள் ஊரில் சில தெருக்காரர்கள்தான் போவார்கள். ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு மூன்று குறுவை அடுத்தடுத்துக் கைவிட்ட பிறகு, சுற்றுப்பக்கத்து கிராமங்களில் வயல் வேலை பார்த்த குடும்பங்களும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட ஆரம்பித்தன. அவர்களுக்காகத்தான் அந்தப் புத்தகம். விமானத்தில் பெல்ட் போடுவது எப்படி, அரபியில் வயிற்றுவலியை எப்படிச் சொல்வது, முதல் ஆறு மாதம் வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. நாற்பத்தெட்டே பக்கம். நல்ல புத்தகம். நான் அடித்துக்கொண்டே படித்தேன், படித்துக்கொண்டே அடித்தேன்.

பத்து நாளில் புரூஃப் கொடுத்தேன். மறுநாள் பச்சை மையில் திருத்தி வந்தது. திருத்திக் கொடுத்தேன். திருத்தியதைத் திருத்தினார். போன வாரம் எடுத்த கமாவை இந்த வாரம் வைப்பார், அடுத்த வாரம் அதைப் பார்த்து, "இத யாருங்க வச்சது?" என்று என்னையே கேட்பார். பழக்கம் முற்றி, என் மேஜையில் கிடக்கும் அடுத்தவர் காகிதங்களிலும் கைவைக்க ஆரம்பித்தார். ஒருமுறை ஒரு மரண அறிவிப்பில் 'காலமானார்' என்ற சொல்லுக்கு மேல் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். இறந்தவரின் மருமகன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, யாருக்காவது சந்தேகமா?"

பாய்க்குச் சந்தேகம் வாக்கிய அமைப்பில்தான் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து, இது இலக்கியத்திலும் சேராது, பாடநூலிலும் சேராது என்று கடிதத்தோடு திரும்பி வந்தது. பாய் அந்தக் கடிதத்திலும் ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் மடித்து வைத்தார்.

"பாய், நாமளே போட்ருவோம். அஞ்சு நாள் வேலை," என்றேன்.

"நாமளே போட்டுக்கிட்டா, எவனும் சீந்தலை, அதான் தானே போட்டுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? அப்படிப் போடறதா இருந்தா ஒரு பிழை இருக்கக் கூடாது தம்பி. ஒண்ணுகூட."

பிறகு அணிந்துரைக்காகக் காத்திருந்தார். அணிந்துரை தருவதாகச் சொன்ன பேராசிரியர் ஊர் மாற்றிப் போனார். விமான நிலையத்தில் ஏதோ விதி மாறப்போகிறது என்று கேள்விப்பட்டு அதற்காகக் காத்திருந்தார். இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. கடைத்தெருவில் "பாய், புள்ள பொறந்துடுச்சா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. "ஆகிட்டே இருக்கு" என்பார் அவரும்.

அந்தச் சமயத்தில்தான் முருகேசன் வந்தான். பக்கத்து கிராமம். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். இவன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, கல்யாணமும் முடித்திருந்தான். ஏஜெண்ட் மூலம் சவூதிக்கு விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் பயணம்.

"பாய் ஏதோ புத்தகம் போட்டிருக்காராமே. ஒண்ணு கெடைக்குமாங்க?"

புத்தகம் இல்லை. ஆனால் புரூஃப் கட்டு என் மேஜையில் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். அப்போது பாய் படியேறி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது வேணாம் தம்பி. பதினோராம் பக்கம் இன்னும் முடியலை. கையெழுத்துன்னு போடறதா, கையொப்பம்னு போடறதான்னு தீரலை. பிழையோட வெளிய போனா பேரு கெட்டுடும்." பிறகு முருகேசனிடம் திரும்பி, "நீங்க போயிட்டு வாங்க. அடுத்த மாசம் வந்துடும், வீட்டு விலாசத்தைக் குடுங்க, அனுப்பி வைக்கறேன்," என்றார்.

முருகேசன் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். நானும் உட்கார்ந்துவிட்டேன். கட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அடுத்த மாதம் வந்தது, போனது. இரண்டு வருடம் கழித்து ஒரு பகல் பொழுதில் முருகேசன் மறுபடி மாடிக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். தலை மொட்டை. பாயும் அப்போது என் எதிரில் உட்கார்ந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

போய் இறங்கிய அன்றே கம்பெனியில் அரபியில் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, ஊருக்கு வெளியே பண்ணையில் வேலை, இரண்டு வருடத்துக்கு எதற்காகவும் ஊர் திரும்பக் கேட்கமாட்டேன் என்று அதில் இருந்திருக்கிறது. நடுவில் அப்பா இறந்துபோனார். அந்தக் காகிதத்தைக் காட்டியே அனுப்ப மறுத்துவிட்டார்கள். தம்பிதான் கொள்ளி வைத்தான். இவன் வந்து சேர்ந்தது வருட திதிக்கு.

எல்லாவற்றையும் யாருக்கோ நடந்த மாதிரி சொன்னான். பிறகு கேட்டான்:

"பாய், தெரியாத காயிதத்துல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு உங்க புத்தகத்துல இருந்துச்சாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியவா போகிறது. பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இருந்துச்சு தம்பி. பதினோராம் பக்கம். படிக்கத் தெரியலைன்னு அந்தக் காயிதத்துலேயே தமிழ்ல எழுதி, தேதி போட்டுட்டு, நகல் கேளுன்னு எழுதியிருந்தேன்."

முருகேசன் கோபப்படவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் பாய் எழுந்திருக்கவில்லை. பிறகு கையிலிருந்த புரூஃபை என் பக்கம் தள்ளினார்.

"அச்சுக்குப் போட்டுடுங்க."

"கடைசித் திருத்தம் பாக்கி இருக்கே பாய்."

"இருக்கட்டும். பிழையோட போடுங்க. நானே போட்டுக்கிட்டேன்னு சொல்றவன் சொல்லிட்டுப் போறான்."

ஐந்தாம் நாள் புத்தகம் வந்தது. பதினோராம் பக்கத்தில் ஓரிடத்தில் கையெழுத்து, ஓரிடத்தில் கையொப்பம். அட்டையில் அவர் பெயருக்குக் கீழே அடித்திருந்த ஊரில் ஒரு கால் விட்டுப்போய் 'கூத்தநல்லூர்' என்று இருந்தது. நான் பிரதியை நீட்டினேன். பார்த்தார், பச்சைப் பேனாவை எடுக்கவில்லை. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் முருகேசன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது முருகேசனும் கூட வந்தான். அந்த வாரம் முழுக்க இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்று, திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும் வேன்களில் ஏறி, பெட்டியோடு இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள்.

நாலைந்து மாதத்தில் வெளிநாட்டு முத்திரையோடு கடிதங்கள் வர ஆரம்பித்தன. இருபதாம் பக்கத்தில் சொன்னது கத்தாரில் அப்படி இல்லை, இப்படி, என்று ஒருவர். மருந்துச் சீட்டைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள் என்று ஒருவர். அட்டையில் ஒரு கால் விட்டுப்போனதைப் பற்றி யாரும் எழுதவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாம் பதிப்பு போட்டோம்.

சில வருடம் கழித்து, ஊரில் டி.டி.பி. கடைகள் பெருகி என் கடை படுத்த பிறகு, எனக்கும் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அதிகாலையில் பாய் வேனில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். எங்கே பாய் என்றேன்.

"உங்களுக்குச் சொல்லிக்குடுக்க என்ன இருக்கு. எல்லாம் நீங்க அடிச்சதுதானே. சும்மா வர்றேன்."

திருச்சியில் நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கொடுத்து, சீட்டு வாங்கித் திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் இடிபட்டபடி நின்றுகொண்டிருந்தார். கையாட்டவில்லை. நான் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்ற மாதிரி இருந்தது.

அந்த நாற்பத்தெட்டு பக்கத்தையும் எத்தனையோ தடவை அடித்தவன் நான். வழியனுப்ப ஓர் ஆள் வந்து நின்றால் மனசு என்ன பாடுபடும் என்று அதில் எங்கேயும் அவர் எழுதியிருக்கவில்லை.