புரட்டாசியில் கட்டிய காப்பு

கச்சிராயபாளையம் வழி,
புரட்டாசி மாதம், 1987.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை வெங்கடேசன் அவர்களுக்கும் தங்கை விஜயலட்சுமிக்கும் காசிநாதன் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நானும் தைலம்மாளும் நலம். அதாவது இந்த வரியை எழுதும் நேரம் வரை நலம். இதற்குப் பிறகு வரும் வரிகளைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மன்னிப்பு. உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டுப் புடவையோடு முன்வரிசையில் நிற்க வேண்டிய அண்ணன் வராமல் போனது எத்தனை பெரிய குறை என்பது எனக்குத் தெரியும். முதல் கல்யாணத்தில் பந்தியில் ரசத்துக்கு உப்பில்லை என்று நீங்கள் சொன்னதையே விஜயலட்சுமி இன்னும் மறக்கவில்லை. இதை எப்படி மறப்பாள்? புடவையை டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் வெளியூர்க்காரர், எல்லை தாண்டலாம். நான் தாண்ட முடியாது. என் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருக்கிறது. நம் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இருப்பவர் யாரும் வெளியே போய் ராத்தங்கக் கூடாது, காப்பைக் கையில் கட்டியவர் எல்லைக் கல்லையே தாண்டக் கூடாது. உங்கள் பக்கம் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டதாகக் கேள்வி. இங்கே தளரவில்லை. ஆடியில் கட்ட வேண்டிய காப்பைப் புரட்டாசியில் எவன் கட்டினான் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த எவன் நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். போன மாதம் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். இங்கே மறியல்காரர்கள் வந்து, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மறுநாள் விடியும்போது மெயின் ரோட்டுப் புளியமரம் ரோட்டின் மேல் படுத்திருந்தது. கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புளியமரம் யாருடைய ஒதுக்கீட்டையும் தடுக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னால் மரம் எழுந்து நிற்கப்போவதில்லை, நான்தான் படுக்க வேண்டிவரும். நம் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை என்ற நிம்மதியோடு சும்மா இருந்துவிட்டேன்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மரத்தடியில் கிடைத்த ஒரு கோடாலியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். மேலதிகாரிகளுக்கு ஒரு பெயராவது அனுப்ப வேண்டும், ஊரே பேசி ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால் தொந்தரவு இருக்காது என்று நாட்டாமை கந்தசாமியிடம் சொல்லிப் போனார். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அதற்குள் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. தர்மகர்த்தா என்பதால் எனக்கு நாற்காலி போட்டார்கள். இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தாலுக்கா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் கோயில் காரியத்தில் சண்டை போட மாட்டான் என்று நம்பிக் கொடுத்தார்கள். அவர்கள் நம்பிக்கை வீணாகாமல்தான் இத்தனை காலம் இருந்துவந்தேன்.

கோயிலுக்குப் பின்னால் பழைய தேர்க் கொட்டகையில் தவராசா என்று ஒரு பையன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு இருக்கிறான். மன்னார்ப் பக்கம். படகில் வந்து, முகாமில் இருந்து, அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இங்கே விறகு பிளக்கிறான். ஊரில் எல்லாருக்கும் அவன் சிலோன்காரன். கந்தசாமி எழுந்து, குரலே உயர்த்தாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்:

"வூட்டுக்கு ஒருத்தன் போயிருக்கான். யார் புள்ளையக் குடுக்கறது? சிலோன்காரனுக்கு ஊரும் இல்ல, உறவும் இல்ல. கோடாலிதான் அவன் பொழப்பே. நாலு நாள் உள்ள இருந்துட்டு வரட்டுமே, சோறு போடறாங்க இல்ல?"

சுற்றிலும் தலைகள் ஆடின. எனக்கோ அந்த நாலு நாள் கணக்கு சரியாகப் படவில்லை. அவன் மேல் வழக்கு என்று ஒன்று விழுந்தால் முகாம் அட்டை போகும், அனுமதி போகும், குழந்தையோடு எங்கே கொண்டுபோய் விடுவார்களோ தெரியாது. நாலு நாள் சோற்றோடு முடியாது. நான் எழுந்து, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்காமல் எந்த நடவடிக்கையும் எடுப்பது முறையல்ல, ஆபீஸில் பியூன் சொல்லாமல் லீவு போட்டால்கூட முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ்தான் போகும் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கந்தசாமிக்கு மட்டும் கேட்டுவிட்டது.

"நீங்க சாமி காரியத்தப் பாருங்க பெரியவரே. இது ஊர் காரியம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததோடு நில்லாமல் தலையையும் ஆட்டினேனோ என்று இன்றுவரை சந்தேகம். பூசாரி பிச்சைமுத்துவைப் பார்த்தேன். அவர் அம்மனைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, மணி அடிக்கிறது நம்ம வேலை, நமக்கு இன்னாத்துக்கு வம்பு என்றார்.

வீட்டுக்கு வந்து தைலம்மாளிடம் சொன்னேன். உங்கள் அக்கா முறை என்பதால் அவள் பேச்சை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவள் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"சாமிக்கு எதுர்ல குந்திக்கினு, சாமி வூட்டுக் கொட்டாயில கெடக்கிறவனப் புடிச்சிக் குடுக்கப் பேசறாங்க. அது சாமி காரியம் இல்லியாம், நீங்களும் கேட்டுக்கினு வந்தீங்களாம். அப்பறம் எதுதான் சாமி காரியம்? சுண்டலா?"

அந்தச் சுண்டல்தான் என்னை அசைத்தது. சாமி காரியத்தைப் பாருங்கள் என்று நாட்டாமையே சபையில் சொல்லியிருக்கிறார். பார்ப்பதில் தடையேதும் இல்லையே. விடியற்காலையில் பிச்சைமுத்து வீட்டுக்குப் போய் இன்றைக்கே காப்புக் கட்டிவிடலாம் என்றேன். மூன்றாம் மரியாதை யாருக்கு என்று இரண்டு பங்காளி வீடுகள் போட்ட சண்டையில் ஆடித் திருவிழா நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். திருவிழா இல்லாததால் பூசாரிக்கு வேட்டியும் இல்லை, அரிசியும் இல்லை. இருந்தாலும், புரட்டாசியில் கட்டினால் அம்மன் கோபித்துக்கொள்ளாதா என்று தயங்கினார். அம்மனிடம் வேண்டிய விளக்கத்தை நானே கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். இவ்வளவு தைரியமாகப் பேசியது நானா என்று எனக்கே வியப்பு. பல் துலக்கியிருக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

பறை கேட்டுத்தான் ஊர் விழித்தது. காப்பு ஏறிவிட்டது என்றால் ஏறிவிட்டதுதான். அதை யாரும் இறக்க முடியாது. நான் கணக்குப் போட்டது ஒன்றே ஒன்று: தவராசாவை ஊரைவிட்டு யாரும் கொண்டுபோக முடியாது. கணக்குப் போடாதவை ஏராளம். உங்கள் அறுபதாம் கல்யாணம் அந்த வாரத்தில்தான் என்பது காப்பின் முடிச்சு இறுகிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. சேலத்துக்கு மாடு விற்கப் புறப்பட்ட வண்டி எல்லைக் கல்லில் நின்று திரும்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலைக்கு ஏறிய பிள்ளைகள் துணி மாற்றவும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் முதல்நாள் ராத்திரிதான் இறங்கி வந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். கந்தசாமி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எம்மவன் ஒரு சட்டைய எடுத்துக்கினு போலாம்னு வந்தான். இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?"

விளக்கம் தயார் செய்யச் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கூழ் காய்ச்சும் நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். வயதில் சின்னவர், மரியாதையானவர். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஊர் முடிவு செய்த ஆளை அனுப்புங்கள் என்றார். என் கால்கள் வீட்டுக்குப் போக விரும்பின. காப்புக் கட்டிய கை மட்டும், யார் கையோ போல, மேலே போனது. இந்த ஊரில் குற்றம் சொல்பவர் அம்மன் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், அதற்கு முன் குற்றம் சாட்டப்பட்டவர் பேச வேண்டும், இரண்டும் முடியாமல் யாரையும் அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். 'அதிகாரம் இல்லை' என்பது ஆபீஸில் முப்பது வருஷம் சொல்லிப் பழகிய வாக்கியம். தடுமாறாமல் வந்தது.

தவராசாவைக் கூப்பிட்டோம். அவன் கையைக்கூடக் கட்டவில்லை, நிமிர்ந்துதான் நின்றான்.

"மரம் விழுந்த சத்தத்திலைதான் ஐயா நான் எழும்பினனான். என்ர கோடாலி அந்த மூலையிலை கிடக்கு, பாருங்கோ. வேற என்ன கேக்கவேணுமெண்டாலும் கேளுங்கோ. வந்து மூண்டு வரியமாச்சு, இந்த ஊரிலை என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டதே சந்தோசம்."

சப்-இன்ஸ்பெக்டர் சாக்கைப் பிரித்து மரத்தடிக் கோடாலியைக் காட்டினார். காம்பில் வட்டத்துக்குள் ஒரு சூலக் குறி சூடு போட்டிருந்தது. யாரும் உரிமை கோரவில்லை. எனக்கு எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. ஆனால் இந்த வயதில் எதைப் பார்த்தாலும் அந்த ஞாபகம்தான் வருகிறது. பிச்சைமுத்து சூடத்தை ஏற்றினார். இவன்தான் வெட்டினான் என்பவர் வந்து அணைக்கலாம் என்றேன். கந்தசாமி முன்னே வந்தார். கை நெருப்புவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே மீசையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். சூடம் தானாக எரிந்து அடங்கியது. கூழ் பொங்கியும் யாரும் கிண்டவில்லை. பானைக்குப் பக்கத்தில் இருந்த ஜெயம்மாள்தான் பேசினாள்.

"மரம் வெட்டாத வூடு எதுன்னு சொல்லுங்க பாக்கலாம். எங்க வூட்லருந்து போனது நான் பெத்ததுதான். எழுதிக்கங்க, சார். ஊரே வெட்டுச்சுன்னு எழுதிக்கங்க."

ஊர் என்று எழுதினால் நீதிமன்றத்தில் யார் வந்து நிற்பது, பெயர் வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இங்கேதான், மாப்பிள்ளை, நம் ஊர் வழக்கம் என்னைக் கவிழ்த்தது. விபூதியோ, பொங்கலோ, ஆட்டுத் தலையோ, அம்மன் முன்னால் எது தொடங்கினாலும் முதல் மரியாதை தர்மகர்த்தாவுக்கு. பெயர் என்றதும் ஊர் முழுவதும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பியது. நானும் பழக்கத்தில் ஒரு அடி முன்னே வைத்தேன். வைத்த அடியைத் திரும்ப எடுப்பது அநாகரிகமாகப் பட்டது. "காசிநாதன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

இரண்டாம் மரியாதை நாட்டாமையுடையது. மகன் பெயரைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்ட மனிதர், தம் இடத்தில் வேறு பெயர் ஏறிவிடுமோ என்று பதறி, "ரெண்டாவது கந்தசாமி" என்று கத்தினார். மூன்றாவது என்றதும் ஆடியில் சண்டை போட்ட இரண்டு பங்காளிகளும் ஒரே நேரத்தில் முன்னே வந்தார்கள். எங்க தாத்தா காலத்திலிருந்து மூன்றாவது எங்களுக்குத்தான் என்று ஒருவர். நீ நாலாவதாகப் போ என்று இன்னொருவர். சட்டை கிழிந்தது. இந்த நெரிசலில் தவராசா, நானும் இந்த ஊர்தானே ஐயா, கடைசியிலாவது என்ர பேரைப் போடுங்கோ என்றான். கந்தசாமிக்கு வந்ததே கோபம்.

"வந்து மூணு வருசந்தான் ஆவுது, அதுக்குள்ள உனக்கு மரியாத கேக்குதா? போய் வெறகப் பொளடா. கூழு தீயுது."

அவர் அவனை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரரை மட்டும்தான் அவர் அப்படிப் பேசுவார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். திருவிழா முடியட்டும், அதற்குள் மூன்றாவது யார் என்று முடிவு செய்து வையுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு கூழ் குடித்துப் போனார். கோடாலி அவரிடம்தான் இருக்கிறது.

எனக்கு இப்போது இரண்டு கவலைகள். வெட்டாத மரத்தை வெட்டியதாக ஓர் அரசு அதிகாரியிடம், அதுவும் அம்மன் முன்னால், பொய் சொல்லிவிட்டேன். ஒருவனை முறையாக விசாரிக்க வேண்டும் என்று எழுந்தவன் நான். என் பெயரை விசாரணையே இல்லாமல் நானே கொடுத்தது எந்த முறையில் சேரும்? ராத்தூக்கம் இல்லை. அடுத்தது, காப்பு இறங்கியதும் ஜாமீன் தேவைப்படும். நிலம் உள்ளவராக, வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக ஒருவர் வேண்டும். நீங்கள்தான் நினைவுக்கு வருகிறீர்கள். கல்யாணத்துக்கு வராதவனுக்கு ஜாமீனா என்று தோன்றினால் அதுவும் நியாயமே.

நீங்களும் தங்கையும் எண்பதாம் கல்யாணமும் கண்டு நிறைவாக வாழ வேண்டும். அதற்குக் கட்டாயம் வருவேன், அந்த வாரம் யாரும் எந்த மரத்தையும் வெட்டாமல் இருந்தால்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்,
காசிநாதன்

பின்குறிப்பு: எழுதியதைத் தைலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சூலம் என்ற இடத்தில், "அது நம்ம வூட்டுக் கோடாலிதான்" என்றாள். நம் வீட்டுப் பலாமரத்துக் கிளையைக் கழிக்க வந்தபோது நீங்கள் விட்டுப்போனதாம். உங்கள் கலப்பையிலும் மாட்டிலும் போடும் அதே குறியாம். யார் எடுத்துப்போனது என்றேன். "வூட்டுக்கு ஒரு ஆள் கேட்டாங்க. உங்கள அனுப்பினா மரம் உங்க மேல வுழும். அதான் கேக்க வந்தவங்க கையில கோடாலிய அனுப்பினேன்" என்கிறாள். ஆகவே நான் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னது பொய்யல்ல, மனம் லேசாகிவிட்டது. ஜாமீனுக்கு நீங்கள் வர வேண்டாம். வந்தால், உங்கள் பெயரை எத்தனையாவது மரியாதையில் வைப்பது என்று இங்கே மறுபடியும் சண்டை வரும்.